கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யுனிக்ஸ் வகைக் கணினிகளில் குறித்த நேரத்துக்குத் தானாக நடக்க வேண்டிய வேலைகளைக் கிரானிடம் ஒப்படைப்பது 1970களின் இறுதியிலிருந்தே வழக்கம். 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸிலேயே கிரான் இருந்தது. இன்று டெபியன், உபுண்டு கணினிகளில் இருப்பது பால் விக்ஸி 1987இல் எழுதி வெளியிட்ட கிரானின் வழிவந்தது. ரெட் ஹாட் குடும்பத்தில் உள்ள கிரானீயும் அதன் கிளைதான். வேறாகச் சொல்லாத இடங்களில் கீழே உள்ள பதில்கள் இந்த வழிவந்த கிரான்களையே குறிக்கும். கட்டளைகளும் கோப்புப் பாதைகளும் ஒலிப்பின்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. தட்டச்சு செய்யும்போது அவற்றின் வழக்கமான எழுத்துகளையே இட வேண்டும்.

டெர்மினலில் ஒழுங்காக ஓடும் ஸ்கிரிப்ட், கிரானில் மட்டும் ஏன் ஓட மறுக்கிறது?

நீங்கள் லாகின் செய்யும்போது உங்கள் ஷெல் (நீங்கள் அடிக்கும் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) வரிசையாகப் பல கோப்புகளைப் படிக்கிறது. பாஷ் ஷெல்லாக இருந்தால் முதலில் /இடிசி/ப்ரொஃபைல், அடுத்து உங்கள் ஹோம் கோப்பகத்தில் .பாஷ்_ப்ரொஃபைல், .பாஷ்_லாகின், .ப்ரொஃபைல் ஆகிய மூன்றில் எது முதலில் கிடைக்கிறதோ அது ஒன்று மட்டும். அந்தக் கோப்புகளில் நீங்களோ, நிர்வாகியோ, ஏதோ ஒரு மென்பொருளின் நிறுவியோ எழுதிவைத்த வரிகளே உங்கள் பாத் (கட்டளைகளைத் தேட வேண்டிய கோப்பகங்களின் பட்டியல்), மொழி அமைப்பு, ஜாவா அல்லது பைத்தான் இருக்கும் இடம் ஆகியவற்றைத் தீர்மானிக்கின்றன. கிரான் இவற்றில் எதையும் படிப்பதில்லை. ஹோம், லாக்நேம், ஷெல், பாத் என்ற சில மாறிகளை மட்டும் தானே அமைத்துவிட்டு, ஷெல் என்பதற்கு /பின்/எஸ்ஹெச் என்றும் பாத் என்பதற்கு /யூஎஸ்ஆர்/பின்:/பின் என்றும் மதிப்புக் கொடுத்து வேலையைத் தொடங்கிவிடுகிறது.

ஆகவே /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் கோப்பகத்தில் நீங்கள் நிறுவிய கருவியைக் கிரானால் கண்டுபிடிக்க முடியாது. /எஸ்பின் கோப்பகங்களில் இருக்கும் நிர்வாகக் கட்டளைகளுக்கும் இதே கதிதான். இதோடு, வேலை ஓடும்போது அதற்கு டெர்மினலும் கிடையாது, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆளும் கிடையாது. ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்பகத்திலிருந்து அல்லாமல் உங்கள் ஹோம் கோப்பகத்திலிருந்தே அது ஓடத் தொடங்குவதால், சார்புப் பாதையில் எழுதிய கோப்புப் பெயர்களும் தவறான இடத்தையே காட்டும். ஸ்கிரிப்டைக் குறைசொல்லித் திருத்தத் தொடங்குவதற்கு முன் இந்தச் சூழலைக் கண்ணால் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

அந்தச் சூழலை எப்படிப் பார்ப்பது?

உங்கள் கிரான்டேப்பில் (எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று கிரானுக்கு எழுதிவைக்கும் பட்டியலில்) ஒவ்வொரு நிமிடமும் ஓடும் ஒரு வரியைத் தற்காலிகமாகச் சேருங்கள்:

* * * * * என்வ் | சார்ட் > /டிஎம்பி/கிரான்-சூழல்

ஒரு நிமிடம் கழித்து அந்த வரியை நீக்கிவிட்டு, டெர்மினலில் அதே கட்டளையின் வெளியீட்டை இன்னொரு கோப்பில் எழுதி, இரண்டையும் டிஃப் கொண்டு ஒப்பிடுங்கள். டெர்மினல் பக்கம் முப்பது, நாற்பது வரிகள் இருக்கும். கிரான் பக்கம் பெரும்பாலும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். தேடிக்கொண்டிருந்த காரணம் பலமுறை அந்த இடைவெளியிலேயே கிடைத்துவிடுகிறது.

அடுத்த படியாக, நேரம் வரும்வரை காத்திராமல் அதே வறண்ட சூழலை டெர்மினலிலேயே உருவாக்கிக்கொள்ளலாம். என்வ் கட்டளையோடு -ஐ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் எல்லா மாறிகளும் துடைக்கப்படும். தேவையானதை மட்டும் கையால் கொடுக்க வேண்டும்:

என்வ் -ஐ ஹோம்="$ஹோம்" லாக்நேம்="$லாக்நேம்" ஷெல்=/பின்/எஸ்ஹெச் பாத்=/யூஎஸ்ஆர்/பின்:/பின் /பின்/எஸ்ஹெச் -சி 'உங்கள் கட்டளை' < /டெவ்/நல்

கிரானில் வந்த பிழை இங்கேயும் வந்தால் சூழல்தான் காரணம் என்று உறுதியாகிவிடும். இங்கே ஓடி, கிரானில் மட்டும் ஓடவில்லை என்றால் கிரான்டேப் வரியின் இலக்கணம், பயனர் உரிமைகள் ஆகியவற்றின் பக்கம் திரும்பலாம். 'ஐந்து நிமிடம் தள்ளி வைத்துப் பார்க்கிறேன்' என்று ஒவ்வொரு திருத்தத்துக்கும் காத்திருப்பவர்கள் பலர்; அந்தக் காத்திருப்புக்குத் தேவையே இல்லை.

அப்படியானால் பாத்தை எங்கே எழுதுவது நல்லது?

மூன்று இடங்கள் உண்டு. ஒவ்வொரு கட்டளையையும் முழுப் பாதையோடு எழுதலாம். கிரான்டேப்பின் தலையில் பாத் மாறியை அமைக்கலாம். ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே அமைக்கலாம். மூன்றாவதையே நான் பரிந்துரைப்பேன். ஸ்கிரிப்டை இன்னொரு கணினிக்கு நகர்த்தினாலும், கிரானை விட்டு வேறு கருவிக்கு மாறினாலும், தனக்கு வேண்டியதை அது தன்னோடு எடுத்துக்கொண்டு போகும்.

கிரான்டேப்பின் தலையில் எழுதுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. அங்கே எழுதும் மாறி வரிகளை ஷெல் படிப்பதில்லை. கிரானே படிக்கிறது, எழுதியதை எழுதியபடியே எடுத்துக்கொள்கிறது. எனவே பாத்=$ஹோம்/பின்:$பாத் என்று எழுதினால், அந்த டாலர் குறிகள் விரிவடையாமல் அப்படியே பாத்தின் மதிப்பாகிவிடும். இதன் விளைவு விசித்திரமாக இருக்கும்: ஷெல்லுக்குள்ளேயே அமைந்த எக்கோ வேலை செய்யும், ஆனால் எல்எஸ் போன்ற சாதாரணக் கட்டளைகூட 'காணவில்லை' என்று சொல்லும். இங்கே பாதைகளை முழுமையாக, மாறிகள் இல்லாமல் எழுத வேண்டும்.

கிரான் வரியிலேயே .பாஷ்ஆர்சி கோப்பைப் படிக்கச் சொன்னால் முடிந்துவிடாதா?

சில நேரம் முடியும், பல நேரம் முடிந்ததுபோல் தோன்றும். டெபியன், உபுண்டு தரும் .பாஷ்ஆர்சி கோப்பின் தொடக்கத்திலேயே 'இது இன்டராக்டிவ் ஷெல் இல்லையென்றால் இங்கேயே திரும்பிவிடு' என்ற சோதனை இருக்கிறது. கிரானில் ஓடும் ஷெல் இன்டராக்டிவ் (ஆளோடு உரையாடும் வகை) அல்ல என்பதால், நீங்கள் கோப்பின் அடியில் சேர்த்த வரிகளை அது எட்டவே எட்டாது; பிழைச் செய்தியும் வராது.

கிரான் வரியில் 'சோர்ஸ்' என்ற சொல்லைப் பயன்படுத்தினால் இன்னொரு சிக்கல். டெபியன் குடும்பத்தில் /பின்/எஸ்ஹெச் என்பது பாஷ் அல்ல, டாஷ். உபுண்டு இந்த மாற்றத்தை 2006இலேயே செய்துவிட்டது. டாஷுக்கு 'சோர்ஸ்' தெரியாது, ஒற்றைப் புள்ளிதான் தெரியும். இரட்டைச் சதுர அடைப்புக்குறிச் சோதனை, வரிசை மாறிகள் ஆகிய பாஷ் வசதிகளும் அங்கே கிடையாது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷைக் குறிப்பிட்டிருந்தால் ஸ்கிரிப்ட் பிழைக்கும். கிரான் வரியிலேயே நேரடியாக எழுதிய கட்டளைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வேண்டுமென்றால் கிரான்டேப்பின் தலையில் ஷெல்=/பின்/பாஷ் என்று எழுதிக்கொள்ளலாம்.

உங்கள் தனிப்பட்ட ப்ரொஃபைல் கோப்பை நம்பி ஒரு முக்கியமான வேலையை ஓட்டுவதை நான் விரும்புவதில்லை. இன்று டெர்மினலுக்கு வண்ணம் சேர்க்க எழுதும் ஒரு வரி, நாளை இரவு நடக்கும் காப்புப் பிரதியை உடைக்கக்கூடும். பொதுவாகத் தேவைப்படும் மாறிகளைத் தனியாக ஒரு சிறு கோப்பில் வைத்து, ப்ரொஃபைலும் ஸ்கிரிப்டும் அந்த ஒன்றையே படிக்கும்படி செய்வது உறுதியான வழி.

வேலை ஓடியதா, இல்லையா என்பதே தெரியவில்லை. எங்கே பார்ப்பது?

டெபியன் குடும்பத்தில் /வார்/லாக்/சிஸ்லாக், ரெட் ஹாட் குடும்பத்தில் /வார்/லாக்/கிரான். சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) உள்ள கணினிகளில் ஜர்னல்சிடிஎல் வழியாகவும் பார்க்கலாம். அங்கே உங்கள் கட்டளை நேரத்தோடு பதிவாகியிருந்தால், கிரான் அதைத் தொடங்கியது என்று மட்டுமே பொருள். வெற்றியா தோல்வியா என்பதை அந்த வரி சொல்லாது. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு 'லாகில் இருக்கிறது, எனவே ஓடிவிட்டது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

வேலை ஏதாவது எழுதினால், வெளியீடாக இருந்தாலும் பிழையாக இருந்தாலும், அதை அந்தப் பயனருக்கு மின்னஞ்சலாக அனுப்புவது கிரானின் வழக்கம். மெயில்டூ என்ற மாறியில் வேறு முகவரி கொடுக்கலாம். அதை வெறுமையாக விட்டால் அஞ்சல் நின்றுவிடும். இன்றைய சர்வர்கள் பலவற்றில் அஞ்சல் அனுப்பும் மென்பொருளே நிறுவப்பட்டிருப்பதில்லை. அப்போது டெபியன் கிரான், அஞ்சல் மென்பொருள் இல்லாததால் வெளியீட்டைத் தூக்கி எறிகிறேன் என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டு, உங்களுக்குத் தேவையான பிழைச் செய்தியை உண்மையிலேயே தூக்கி எறிந்துவிடும்.

ஆகவே வெளியீட்டை நீங்களே ஒரு கோப்புக்குத் திருப்புங்கள். வரிசை முக்கியம்: முதலில் >> கோப்பு, அதற்குப் பிறகு 2>&1. மாற்றி எழுதினால் சாதாரண வெளியீடு மட்டும் கோப்புக்குப் போகும். பிழைகள் பழைய வழியிலேயே போய்விடும். எழுதியதை எல்லாம் விழுங்கிவிடும் /டெவ்/நல் பக்கம் எல்லாவற்றையும் தள்ளிவிடும் வரிகளை இணையத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுகிறவர்கள், தங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே சாட்சியத்தையும் தாங்களே அழித்துக்கொள்கிறார்கள்.

கட்டளையின் முடிவு எண்ணையும் கோப்பில் எழுதவைப்பது பயன் தரும். 127 என்றால் கட்டளை கிடைக்கவில்லை, பாத்தைப் பாருங்கள். 126 என்றால் கோப்பு கிடைத்தது, இயக்க முடியவில்லை. அனுமதியைப் பாருங்கள், அல்லது அந்தக் கோப்பகம் இயக்கத் தடையோடு மவுன்ட் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த ஸ்கிரிப்டாக இருந்தால், வரி முடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தால், முதல் வரியில் குறிப்பிட்ட ஷெல்லே இல்லை என்று கணினி சாதிக்கும்.

தேதியைக் கோப்புப் பெயரில் சேர்த்தவுடன் வரி உடைந்துவிட்டது. கையால் ஓட்டினால் சரியாக இருக்கிறதே?

இந்த வரியைப் பாருங்கள்:

30 2 * * * டார் -சிஎஃப் காப்பு-$(டேட் +%ஒய்%எம்%டி).டார் தரவு

கிரான்டேப்பில் விழுக்காட்டுக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு. முதல் விழுக்காட்டுக் குறியோடு கட்டளை முடிந்துவிட்டதாகக் கிரான் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின்னால் வருபவை கட்டளைக்கு உள்ளீடாக அனுப்பப்படும். அடுத்தடுத்து வரும் விழுக்காட்டுக் குறிகள் புதிய வரிகளாக மாறும். எனவே ஷெல்லின் கைக்குப் போய்ச் சேர்வது 'காப்பு-$(டேட் +' என்பதோடு அறுந்த ஒரு துண்டு. திறந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று அது புகார் செய்வது நியாயமே. ஒவ்வொரு விழுக்காட்டுக் குறிக்கும் முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு இட்டால் சரியாகிவிடும். அதைவிட, தேதிக் கணக்கை ஸ்கிரிப்டுக்குள் வைத்துவிட்டுக் கிரான் வரியில் ஸ்கிரிப்டின் பெயரை மட்டும் எழுதுவது மேல்; ஸ்கிரிப்டுக்குள் இந்த விதி செல்லாது.

13ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக வந்தால் மட்டும் ஓட வேண்டும் என்று எழுதினேன். வாரா வாரம் ஓடுகிறது. ஏன்?

'0 9 13 * 5' என்று எழுதியிருப்பீர்கள். மாதத் தேதி, வாரக் கிழமை ஆகிய இரண்டு புலங்களும் நட்சத்திரமாக இல்லாமல் மதிப்போடு இருந்தால், இரண்டில் ஏதேனும் ஒன்று பொருந்தினாலே போதும் என்பது கிரானின் விதி. எனவே இது ஒவ்வொரு 13ஆம் தேதியும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஓடும். இரண்டும் சேர வேண்டுமென்றால் தேதியைக் கிரானிடம் விட்டுவிட்டு, கிழமையை ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் சோதியுங்கள்.

*/45 என்று எழுதி 45 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் என்று எதிர்பார்ப்பதும் இதே வகைத் தவறு. அது ஒவ்வொரு மணியிலும் 0, 45 ஆகிய நிமிடங்களில் ஓடும். இடைவெளி ஒருமுறை 45 நிமிடம், அடுத்த முறை 15 நிமிடம். மேலும், இந்தச் சாய்வுக்கோட்டு வடிவம் யுனிக்ஸ் வகைக் கணினிகளுக்குப் பொதுவான பாசிக்ஸ் தரம் வகுத்த கிரான்டேப் இலக்கணத்தில் இல்லை. பழைய சோலாரிஸ் போன்ற கணினிகளில் 0,5,10 என்று வரிசையாக எழுதித்தான் ஆக வேண்டும்.

என் கிரான்டேப்பில் ஓடிய வரியை /இடிசி/கிரான்டேப் கோப்புக்கு மாற்றினேன். இப்போது ஓடவில்லை.

அந்தக் கோப்பிலும் /இடிசி/கிரான்.டி கோப்பகத்திலும் நேரத்துக்கும் கட்டளைக்கும் நடுவே பயனர் பெயர் என்று ஆறாவதாக ஒரு புலம் வேண்டும். அது இல்லையென்றால் கட்டளையின் முதல் சொல்லையே பயனர் பெயராகக் கிரான் எடுத்துக்கொள்ளும். நேர்மாறாக, அங்கிருந்து உங்கள் கிரான்டேப்புக்கு நகலெடுத்தால், அங்கே பயனர் பெயராக இருந்த 'ரூட்' (முழு உரிமை உள்ள நிர்வாகக் கணக்கு) என்ற பெயரில் ஒரு கட்டளையைத் தேடித் தோற்கும்.

நாள்தோறும் ஓட வேண்டியவற்றுக்கான கிரான்.டெய்லி கோப்பகத்தில் வைத்த ஸ்கிரிப்ட் ஒருநாளும் ஓடவில்லையே?

டெபியன் குடும்பமாக இருந்தால் கோப்பின் பெயரைப் பாருங்கள். எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு ஆகியவை தவிர வேறு எதுவும் பெயரில் இருக்கக் கூடாது. 'பேக்கப்.எஸ்ஹெச்' என்பதில் உள்ள புள்ளிக்காகவே அது சத்தமில்லாமல் ஒதுக்கப்படும். இயக்க அனுமதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஒரு பயனரின் வேலைகள் மட்டும் திடீரென்று எல்லாம் நின்றுவிட்டன. யாரும் எதையும் மாற்றவில்லை.

யாரும் மாற்றாததே காரணமாக இருக்கலாம்: கடவுச்சொல் காலாவதியாகியிருக்கும். பிஏஎம் (பயனர் கணக்குகளைச் சரிபார்க்கும் பொது அமைப்பு) வழியாகக் கணக்குச் சோதனை நடக்கும் லினக்ஸ் கணினிகளில், காலாவதியான கடவுச்சொல் உள்ள பயனரின் வேலைகளைத் தொடங்கக் கிரானுக்கு அனுமதி கிடைக்காது. எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து பாதுகாப்பாக இணையும் வழி) சாவி கொண்டே உள்நுழைவதால் கடவுச்சொல்லை மறந்தேபோன சேவைக் கணக்குகளில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். லாகில், புதிய கடவுச்சொல் தேவை என்ற பொருளில் ஒரு வரி, வேலையைத் தொடங்கக் கிரான் முயலும் ஒவ்வொரு முறையும் வந்துகொண்டிருக்கும். சேஜ் கட்டளையை -எல் விருப்பத்தோடு ஓட்டினால் காலாவதித் தேதி தெரியும். மனிதர் யாரும் உள்நுழையாத கணக்குகளுக்குக் கடவுச்சொல் காலாவதியை நீக்கி வைப்பதே முறை.

கிரான்.அல்லோ, கிரான்.டினை கோப்புகள் கிரான்டேப் கட்டளையை யார் பயன்படுத்தலாம் என்பதை மட்டுமே கட்டுப்படுத்தும்; ஏற்கெனவே உள்ள வேலைகளை அவை நிறுத்துவதில்லை.

சூ, சூடோ மூலம் வேறு பயனராக மாறும்போதும் சூழல் குழம்புகிறதே?

வெறுமனே 'சூ' என்று எழுதினால் நீங்கள் விட்டுவந்த சூழலின் பெரும்பகுதி உங்களோடேயே வருகிறது. 'சூ -' என்று ஒரு கோட்டைச் சேர்த்தால், அந்தப் பயனர் புதிதாக லாகின் செய்ததுபோல அவருடைய ப்ரொஃபைல் கோப்புகள் படிக்கப்படுகின்றன. சூடோ பொதுவாகச் சூழலைத் துடைத்துவிட்டு, தன் அமைப்புக் கோப்பில் பாதுகாப்பான பாதையாகக் குறிப்பிட்டுள்ளதையே பாத்தாக வைக்கிறது. லாகின் சூழல் வேண்டுமென்றால் -ஐ விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். இந்த வேறுபாட்டால், 'அந்தப் பயனராகவே மாறி ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறது' என்ற சோதனை பெரும்பாலும் எதையும் நிரூபிப்பதில்லை. மேலே சொன்ன என்வ் -ஐ சோதனையை அந்தப் பயனராக இருந்து செய்வதே பொருள் உள்ளது.

கிரான் வரிக்குள் சூடோவை எழுதுவதையும் தவிருங்கள். அது கடவுச்சொல் கேட்டால் அங்கே டெர்மினல் இல்லை. ரூட் உரிமை வேண்டிய வேலையை ரூட்டின் கிரான்டேப்பிலேயே வையுங்கள்.

எஸ்எஸ்ஹெச் வழியாகக் கோப்பு அனுப்பும் வேலை கிரானில் மட்டும் அனுமதி மறுக்கப்படுகிறது.

உங்கள் சாவிக்குக் கடவுத்தொடர் இருக்கும். அதை ஒருமுறை கொடுத்துவிட்டால் லாகின் அமர்வில் எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட் நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த ஏஜென்ட் இருக்கும் இடத்தைச் சொல்லும் மாறி கிரானுக்கு வந்து சேருவதில்லை. இந்த ஒரு வேலைக்கென்றே தனிச் சாவி உருவாக்கி, எதிர்முனையில் அந்தச் சாவியால் ஒரே ஒரு கட்டளையை மட்டும் ஓட்ட முடியும்படி கட்டுப்படுத்துங்கள். உங்கள் முதன்மைச் சாவியின் கடவுத்தொடரை நீக்கிவிடுவது சோம்பேறித்தனமான, ஆபத்தான தீர்வு.

தமிழ்க் கோப்புப் பெயர்களும் எழுத்துகளும் கிரானில் சிதைகின்றன.

மொழி அமைப்பைச் சொல்லும் லாங் மாறி இல்லாதபோது கணினி 'சி' எனப்படும் அடிப்படை மொழி அமைப்புக்குப் போய்விடுகிறது. அங்கே யூடிஎஃப்-8 எழுத்துகளுக்கு இடமில்லை. பைத்தானின் 3.7க்கு முந்தைய பதிப்புகள் இந்தச் சூழலில் தமிழ் எழுத்தை அச்சிட முயன்றவுடன் பிழை கொடுத்து நின்றுவிடும். சார்ட் கட்டளையின் வரிசைகூட மாறும். ஸ்கிரிப்டில் லாங் மாறியை வெளிப்படையாக அமையுங்கள்; எந்த மதிப்புகள் உங்கள் கணினியில் உள்ளன என்பதை லொக்கேல் -ஏ காட்டும். டெபியன் கிரான் பிஏஎம் வழியாகக் கணினியின் பொது மொழி அமைப்பைப் படித்துக்கொள்வதால், ஒரு கணினியில் சரியாக ஓடுவது இன்னொன்றில் சிதைவதும் உண்டு.

முந்தைய ஓட்டம் முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது.

கிரான் அதைக் கவனிப்பதே இல்லை. கட்டளைக்கு முன்னால் எஃப்லாக் -என் என்பதையும் ஒரு பூட்டுக் கோப்பின் பெயரையும் சேருங்கள். முந்தையது ஓடிக்கொண்டிருந்தால் புதியது உடனே விலகிக்கொள்ளும். வேலை இடையில் செத்தாலும் பூட்டு தானாக விடுபடும்.

கணினி அணைந்திருந்த நேரத்து வேலை என்னவாகும்?

நடக்காது, கணினி எழுந்தபின்னும் கிரான் அதை ஈடுகட்டாது. நாள், வாரம், மாதம் என்ற அளவில் ஈடுகட்ட அனக்ரான் இருக்கிறது. சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டன்ட் என்ற அமைப்பை இயக்கினாலும் இது நடக்கும். ஆனால் பயனர் அளவிலான டைமர்கள், அவர் லாக்அவுட் செய்தவுடன் பொதுவாக நின்றுவிடும் என்பதை நினைவில் வையுங்கள். லாகின்சிடிஎல் கொண்டு 'லிங்கர்' வசதியை அந்தப் பயனருக்கு இயக்க வேண்டும்.

கணினியின் நேர மண்டலத்தை மாற்றினால் கிரானை மறுதொடக்கம் செய்யுங்கள். இல்லையென்றால் அது பழைய மண்டலத்தின்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

கிரான்டேப் -ஈ என்று அடிப்பதற்குப் பதில் -ஆர் என்று அடித்துவிட்டேன். எல்லாம் போய்விட்டது. மீட்க முடியுமா?

ஈ, ஆர் ஆகிய இரண்டும் விசைப்பலகையில் அடுத்தடுத்து இருப்பவை. -ஆர் எதையும் கேட்காமல் முழுக் கிரான்டேப்பையும் அழித்துவிடும். கணினியின் காப்புப் பிரதி இருந்தால் /வார்/ஸ்பூல்/கிரான் கோப்பகத்தின் கீழே உங்கள் பெயரில் உள்ள கோப்பை ரூட் உரிமையோடு எடுத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் லாக் கோப்புகளே துணை. கிரான் தொடங்கிய ஒவ்வொரு கட்டளையும் நேரத்தோடு அங்கே பதிவாகியிருக்கும். உங்கள் பயனர் பெயரைக் கொண்டு வடிகட்டி, ஒரே கட்டளை எந்தெந்த நிமிடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்தால் வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதிவிடலாம். மாதத்துக்கு ஒருமுறை ஓடுபவற்றுக்குச் சுழற்சியில் மூட்டை கட்டப்பட்ட பழைய லாக் கோப்புகளையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். அவை தானாக அழிக்கப்படுவதற்குள் வேறிடத்தில் நகலெடுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். தலையில் எழுதியிருந்த மாறி வரிகள் மட்டும் லாகில் இருக்காது. அவற்றை நினைவிலிருந்துதான் எழுத வேண்டும்.